போஸ்ட்கிரெஸ் சர்வரில் சிபியு உச்சத்தில் நிற்கிறதா? அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழிமுறை

டேட்டாபேஸ் சர்வரில் சிபியு 95 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று எச்சரிக்கை வந்தால் பெரும்பாலான இடங்களில் இரண்டில் ஒன்று நடக்கிறது. சர்வரை ரீஸ்டார்ட் செய்கிறார்கள். இல்லையென்றால் கிளவுடில் இன்னும் பெரிய மெஷினுக்கு மாற்றுகிறார்கள். இரண்டுமே சில நேரம் பலன் தந்ததுபோல் தெரியும். காரணம் மட்டும் கடைசிவரை தெரியாது. அதனால் அடுத்த வாரமே அதே எச்சரிக்கை திரும்ப வரும். ரீஸ்டார்ட் செய்த நொடியில், எந்த செஷன் எந்தக் குவெரியை ஓட்டிக்கொண்டிருந்தது என்ற தடயம் அழிந்துபோகிறது. ஷேர்டு பஃபரில் (டேட்டாபேஸ் நினைவகத்தில் வைத்திருக்கும் பகுதியில்) இருந்த பக்கங்களும் காலியாவதால் அடுத்த சில நிமிடங்களுக்கு டிஸ்க்கும் சேர்ந்து திணறும்.

சிபியு சதவீதம் என்பது காய்ச்சல் அளவு மட்டுமே. காய்ச்சலுக்குக் காரணம் எது என்று தேட வேண்டிய இடம், கூடவே தெரியும் மற்ற அறிகுறிகளைப் பொறுத்து மாறும். கீழே உள்ளவை லினக்ஸில் ஓடும் போஸ்ட்கிரெஸ் 13, அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கானவை. வேறு டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு வியூக்களின் பெயர்கள் மாறும். யோசிக்கும் வரிசை மாறாது.

எதையும் தொடும் முன் சேகரிக்க வேண்டியவை

முதலில் 'டாப்' கட்டளையை ஓட்டுங்கள். 'சி' விசையை அழுத்தினால் ஒவ்வொரு ப்ராசஸின் முழுப் பெயரும் தெரியும். போஸ்ட்கிரெஸ் தன் ப்ராசஸ்களுக்குப் பயனர் பெயர், டேட்டாபேஸ் பெயர், வந்த ஐபி முகவரி, அந்த நேரத்து வேலை ஆகியவற்றைப் பெயராகவே வைத்துவிடும். 'செலக்ட்', 'ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்', 'ஆட்டோவாக்கம் வொர்க்கர்', 'பேரலல் வொர்க்கர்' என்பதெல்லாம் அங்கேயே கண்ணில் படும். எந்த அப்ளிகேஷன் சர்வரிலிருந்து வேலை குவிகிறது என்பதை இந்த ஒரு திரையிலேயே பாதி ஊகித்துவிடலாம்.

அடுத்து, ஒவ்வொரு செஷனும் அந்த நொடியில் என்ன செய்கிறது என்று காட்டும் 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி' வியூவை அப்படியே ஒரு டேபிளில் நகலெடுத்து வையுங்கள். சில நொடி இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை எடுத்தால் நல்லது. ஒரே படத்தில் தற்செயலாக விழுந்த குவெரியையும், ஒவ்வொரு படத்திலும் தவறாமல் நிற்கும் குவெரியையும் அப்போதுதான் பிரித்தறிய முடியும். கனெக்ஷன் எல்லாம் தீர்ந்து உள்ளேயே போக முடியவில்லை என்றால் சூப்பர்யூசராக முயலுங்கள். இதற்கென்றே 3 இடங்களை இயல்பாகவே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, ஒவ்வொரு குவெரியும் எத்தனை தடவை, எவ்வளவு நேரம் ஓடியது என்று கணக்கு வைக்கும் 'பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்'. இதிலுள்ள எண்கள் கடைசியாக ரீசெட் செய்ததிலிருந்து கூடிக்கொண்டே வருபவை. அப்படியே பார்த்தால் போன மாதத்துச் சுமையும் இன்றையதும் கலந்துதான் தெரியும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு நகல் எடுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். இந்த எக்ஸ்டென்ஷன் உங்கள் சர்வரில் இல்லையென்றால் இன்றைக்கே மாற்ற வேண்டிய முதல் விஷயம் அதுதான். அதை ஷேர்டு ப்ரீலோட் பட்டியலில் சேர்க்க ஒரு ரீஸ்டார்ட் தேவைப்படும். ஆகவே நெருக்கடி வரும் நேரத்தில் சேர்க்க முடியாது.

பயனர்கள் காத்திருக்க, உடனடியாகச் சுமையைக் குறைத்தாக வேண்டும் என்றால், பிடிபட்ட குவெரியின் ப்ராசஸ் எண்ணைக் கொடுத்து 'பிஜி_கேன்சல்_பேக்எண்ட்' ஓட்டுங்கள். அது குவெரியை மட்டும் நிறுத்தும். கேட்கவில்லை என்றால் 'பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட்'. எந்த நிலையிலும் லினக்ஸின் 'கில் மைனஸ் 9' பக்கம் போகாதீர்கள். ஒரு செஷன் அப்படிச் செத்தால், பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கலாம் என்று கருதி போஸ்ட்மாஸ்டர் (செஷன்களைப் பிறப்பிக்கும் தாய் ப்ராசஸ்) மற்ற எல்லா செஷன்களையும் வெட்டிவிட்டு, கிராஷ் ரெகவரி செய்துதான் மீண்டும் எழும். ஒரு குவெரிக்காக மொத்த சேவையும் படுத்துவிடும்.

தடயம் கையில் வந்ததும் 'டாப்' திரையின் மேல்வரிசையில் சிபியு எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ் என்பது புரோகிராம்களின் சொந்த வேலை. எஸ்ஒய் என்பது கெர்னலின் வேலை. டபிள்யூஏ டிஸ்க்குக்காகக் காத்திருப்பது. எஸ்டி உங்கள் விர்ச்சுவல் மெஷினுக்கு வர வேண்டிய நேரத்தை அடியிலுள்ள ஹைப்பர்வைசர் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. இந்த நான்கில் எது பெரிதோ, அதைப் பொறுத்து வழி பிரிகிறது.

லோட் ஆவரேஜ் 40, ஆனால் சிபியு பாதி சும்மா இருக்கிறது

இது சிபியு பிரச்சினையே இல்லை. லினக்ஸின் லோட் ஆவரேஜ், ஓடக் காத்திருக்கும் ப்ராசஸ்களோடு டிஸ்க்குக்காக உறைந்து நிற்பவற்றையும் சேர்த்துத்தான் எண்ணும். 'விஎம்ஸ்டாட் 1' ஓட்டி முதல் இரண்டு பத்திகளைப் பாருங்கள். 'ஆர்' பத்தி கோர் எண்ணிக்கையைத் தாண்டினால்தான் சிபியுவுக்கு வரிசை நிற்கிறது என்று பொருள். 'பி' பத்தி ஏறினால் டிஸ்க். கிளவுட் டிஸ்க்கின் ஐஓபிஎஸ் (நொடிக்கு எத்தனை தடவை படிக்கலாம், எழுதலாம் என்ற) வரம்பு முட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இந்தக் கட்டுரையை விட்டு அந்தப் பக்கம் போய்விடலாம்.

எஸ்டி பெரிதாக இருக்கிறது

அமேசானின் டி வகை மெஷின்கள் கிரெடிட் முறையில் ஓடுபவை. ஓய்வாக இருக்கும்போது கிரெடிட் சேரும், வேலை வந்தால் கரையும். அளவற்ற பயன்முறை இயக்கப்படாத மெஷினில் கிரெடிட் தீர்ந்தால் வேகம் அடிப்படை அளவுக்கு இறங்கிவிடும். டி3 மீடியத்தில் அது ஒரு விசிபியுவுக்கு 20 சதவீதம் மட்டுமே. தொடர்ச்சியான சுமை உள்ள டேட்டாபேஸை இந்த வகை மெஷினில் வைப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. கன்டெய்னருக்குள் ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே சிபியு வரம்பு முட்டினால் எஸ்டி பத்தியில் எதுவும் தெரியாது. சிகுரூப்பின் (கன்டெய்னருக்கு வரம்பு வைக்கும் கெர்னல் வசதியின்) 'சிபியு.ஸ்டாட்' கோப்பில் 'என்ஆர்_த்ராட்டில்டு' எண் ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் வழி.

எஸ்ஒய் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது

ஆரோக்கியமான போஸ்ட்கிரெஸ் சர்வரில் கெர்னல் இவ்வளவு வேலை செய்யத் தேவையில்லை. 'பெர்ஃப் டாப்' ஓட்டினால் கெர்னலில் எந்த ஃபங்ஷன் நேரத்தைத் தின்கிறது என்று தெரியும். வழக்கமாக மாட்டுபவை மூன்று.

ஒன்று, ஓயாமல் புதுக் கனெக்ஷன் திறப்பது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் தனி ப்ராசஸ் பிறப்பிக்கிறது. அப்ளிகேஷன் ஒவ்வொரு கோரிக்கைக்கும் கனெக்ஷன் திறந்து மூடினால், அந்தப் பிறப்பும் இறப்பும் மட்டுமே பெரிய செலவு. அதற்கு மேல், இணைப்பை மறையாக்கம் செய்வதற்கான டிஎல்எஸ் கைகுலுக்கல் இருக்கிறது.  அந்தப் பகுதி யுஎஸ் பத்தியில் போய்ச் சேரும். 'டாப்' திரையில் ப்ராசஸ் எண்கள் நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருந்தாலோ, 'ஆத்தென்டிகேஷன்' என்ற பெயருடன் ப்ராசஸ்கள் தலைகாட்டினாலோ இதுதான். பதிப்பு 14 முதல் 'பிஜி_ஸ்டாட்_டேட்டாபேஸ்' வியூவில் உள்ள 'செஷன்ஸ்' பத்தியை ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்தால் எத்தனை கனெக்ஷன் திறந்தது என்ற கணக்கே கிடைத்துவிடும்.

இதற்குத் தீர்வு பிஜிபவுன்சர். திறந்த சில கனெக்ஷன்களையே பலருக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் பூலர் அது. டிரான்ஸாக்ஷன் பயன்முறையில் வைத்தால் பலன் அதிகம். ஆனால் அந்த முறையில் செஷன் அளவில் செய்த 'செட்' அமைப்புகள், 'லிசன்', செஷன் அளவு அட்வைசரி பூட்டுகள் ஆகியவை வேலை செய்யாது. ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் பயன்படுத்தும் அப்ளிகேஷன் என்றால் பிஜிபவுன்சர் 1.21 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும்.

இரண்டு, நினைவகப் பக்கங்கள். கெர்னலின் 'டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜஸ்' அமைப்பு 'ஆல்வேஸ்' என்று இருந்தால், பெரிய பக்கங்களை உருவாக்கக் கெர்னல் நினைவகத்தை ஒதுக்கி ஒதுக்கிச் சேர்க்கப் பார்க்கும். 'பெர்ஃப்' திரையில் 'கம்பாக்ட்' என்று தொடங்கும் ஃபங்ஷன்கள் மேலே நின்றால் அதை 'நெவர்' ஆக்குங்கள். இதற்கு நேர்மாறாக, நாமே எண்ணிக்கை சொல்லி ஒதுக்கும் சாதாரண ஹியூஜ் பேஜஸ் போஸ்ட்கிரெஸுக்கு மிக நல்லது. ஷேர்டு பஃபர் 32 ஜிபி, பக்கம் 4 கேபி என்றால், பஃபர் முழுவதையும் தொடும் ஒரு செஷனின் பேஜ் டேபிள் மட்டும் 64 எம்பி ஆகும். 300 செஷன் என்றால் ஏறக்குறைய 19 ஜிபி! 2 எம்பி பக்கத்துக்கு மாறினால் ஒரு செஷனுக்கு 128 கேபியில் முடிந்துவிடும். உங்கள் சர்வர் எவ்வளவு இழக்கிறது என்பதை 'மெம்இன்ஃபோ' கோப்பின் 'பேஜ்டேபிள்ஸ்' வரி சொல்லும்.

மூன்றாவது, கடிகாரம். சில விர்ச்சுவல் மெஷின்களில் நேரம் கேட்பதே செலவு மிக்க வேலை. போஸ்ட்கிரெஸோடு வரும் 'பிஜி_டெஸ்ட்_டைமிங்' ஓட்டி, ஒருமுறை நேரம் பார்க்க எத்தனை நானோநொடி ஆகிறது என்று பாருங்கள். நூற்றுக்கணக்கில் வந்தால் கெர்னலின் கிளாக்சோர்ஸ் 'டிஎஸ்சி'யாக இருக்கிறதா என்று சோதியுங்கள். 2012 ஜூன் 30 அன்று ஒரு லீப் நொடி சேர்க்கப்பட்டபோது, லினக்ஸ் கெர்னலின் டைமரில் இருந்த பிழையால் உலகெங்கும் ஜாவா, மைஎஸ்க்யூஎல் சர்வர்கள் சிபியு உச்சத்துக்குப் போயின. தேதியை அதே தேதிக்கே மீண்டும் அமைத்தபோது அடங்கின. குவெரியில் எந்தப் பிழையும் இல்லாமலே சிபியு ஏறலாம் என்பதற்கு அந்த இரவு நல்ல சான்று.

யுஎஸ் உச்சத்தில், ஆக்டிவ் செஷன்கள் கோரைவிடப் பல மடங்கு

'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி'யில் ஸ்டேட் 'ஆக்டிவ்' உள்ளவற்றை மட்டும் எடுத்து, 'வெயிட்_ஈவென்ட்_டைப்' வாரியாக எண்ணுங்கள். அந்தப் பத்தி வெறுமையாக இருக்கும் செஷன்கள் சிபியுவில் இருப்பவை, அல்லது சிபியுவுக்குக் காத்திருப்பவை. 8 கோர் மெஷினில் அப்படி 120 செஷன் நின்றால், ஒவ்வொரு குவெரியும் தன் சொந்த வேலையைவிடப் பல மடங்கு நேரம் வரிசையில்தான் கழிக்கிறது. 'எல்டபிள்யூலாக்' அதிகம் என்றால் உள் பூட்டுகளுக்கான போட்டி. 'பெர்ஃப்' திரையில் 'எஸ்_லாக்' மேலே நின்றால், பூட்டுக்காகச் சுழன்று சுழன்றே சிபியு கரைகிறது.

கனெக்ஷன் வரம்பை உயர்த்துவது இங்கே எதிர்விளைவு தரும். குறைக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஓடும் செஷன்கள் கோர் எண்ணிக்கையைப் போல் இரண்டு மடங்கில் தொடங்கி, அளந்து பார்த்து மாற்றுங்கள். மிச்சமுள்ளவை பூலரில் காத்திருக்கட்டும். கேட்பவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். 300 கனெக்ஷனை 20 ஆக்கினால் வேகம் கூடுமா என்பார்கள். நிரம்பி வழியும் சர்வரில் பெரும்பாலும் கூடும். பதிப்பு 14-இல் ஸ்னாப்ஷாட் எடுக்கும் முறையைத் திருத்தியதால் சும்மா இருக்கும் கனெக்ஷன்களின் சுமை வெகுவாகக் குறைந்தது. பதிப்பு 13-இல் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

யுஎஸ் உச்சத்தில், செஷன் எண்ணிக்கை வழக்கம்போல்தான்

நடைமுறையில் அதிகம் காண்பது இதுதான். இங்கேதான் நிதானம் வேண்டும்.

ஒரு நிமிட வித்தியாசத்தில் எடுத்த 'பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்' பட்டியலை மொத்த நேரத்தின்படி, அதாவது 'டோட்டல்_எக்ஸெக்_டைம்' பத்தியின்படி வரிசைப்படுத்துங்கள். சராசரி நேரத்தின்படி வேண்டாம். 40 நொடி எடுக்கும் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எல்லோருக்கும் அதன்மேல்தான் கண் போகும். அது மணிக்கு ஒருமுறை ஓடினால் ஒரு கோரில் சராசரியாக 1 சதவீதம் சொச்சம்தான். 0.8 மில்லிநொடியில் முடியும் ஒரு சின்னஞ்சிறு குவெரி நொடிக்கு 6,000 தடவை ஓடினால் 4.8 கோர் முழுதாகப் போய்விட்டது. மெதுவான குவெரிகளை மட்டும் எழுதும் பதிவுக் கோப்பில் அது ஒருநாளும் வராது. இப்படிப்பட்ட குவெரிக்கு இன்டெக்ஸ் போட்டுப் பயனில்லை; அது ஏற்கெனவே வேகமாகத்தான் இருக்கிறது. ஓஆர்எம் (அப்ளிகேஷனுக்காகக் குவெரிகளைத் தானே எழுதும் லைப்ரரி) ஒரு பட்டியலை எடுத்து, அதன் ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியே மீண்டும் டேட்டாபேஸைக் கேட்கிறதா என்று அப்ளிகேஷன் கோடில் தேடுங்கள். சரிசெய்ய வேண்டிய இடம் அங்கே இருக்கிறது.

மொத்த நேரத்தில் டிஸ்க்குக்கும் பூட்டுக்கும் காத்திருந்த நேரமும் கலந்திருக்கும். 'டிராக்_ஐஓ_டைமிங்' இயக்கியிருந்தால் டிஸ்க் நேரத்தைக் கழித்துப் பார்க்கலாம்.

எண்ணிக்கை வழக்கம்போல் இருந்து ஒவ்வொரு தடவையும் ஆகும் நேரம் கூடியிருந்தால், அந்தக் குவெரியை, அதன் பிளானை (டேட்டாபேஸ் அதை ஓட்டத் தேர்ந்தெடுத்த வழியை) காட்டும் 'எக்ஸ்ப்ளெய்ன்' கொண்டு, 'அனலைஸ்', 'பஃபர்ஸ்' இரண்டும் சேர்த்து ஓட்டுங்கள். 'அனலைஸ்' குவெரியை உண்மையிலேயே ஓட்டும். அப்டேட், டெலிட் என்றால் டிரான்ஸாக்ஷனுக்குள் ஓட்டி ரோல்பேக் செய்யுங்கள்.

முதலில் 'ஷேர்டு ஹிட்' எண்ணைப் பாருங்கள். ஒரே ஒரு வரிசையைத் தரும் குவெரியில் அது 1,20,000 என்று வந்தால், 8 கேபி பக்கம் என்ற கணக்கில் 940 எம்பி அளவுக்கு நினைவகத்தைப் புரட்டித்தான் அந்த ஒரு வரிசையைக் கண்டெடுத்திருக்கிறது. டேபிள் முழுக்க நினைவகத்தில் இருந்தால் டிஸ்க் அசையாது, சிபியு மட்டும் எரியும். கிராஃபில் டிஸ்க் அமைதியாக இருப்பதால் இன்டெக்ஸ் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். நினைவகம் மலிந்த இந்தக் காலத்தில் அந்த முடிவு தவறு. 'ரோஸ் ரிமூவ்டு பை ஃபில்டர்' வரியில் பெரிய எண் இருந்தால் சந்தேகமே வேண்டாம், இன்டெக்ஸ் இல்லை அல்லது பொருந்தவில்லை.

ஓடும் சர்வரில் இன்டெக்ஸ் போடும்போது 'கன்கரன்ட்லி' சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால் இன்டெக்ஸ் முடியும்வரை அந்த டேபிளில் யாரும் எழுத முடியாது. பாதியில் தோற்றால் 'இன்வேலிட்' என்ற நிலையில் ஒரு இன்டெக்ஸ் மிஞ்சும். அது குவெரிக்கு உதவாது, ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் செலவு வைக்கும். அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்.

இன்டெக்ஸ் இருந்தும் பயன்படாத நிலையும் அடிக்கடி வரும். ஈமெயில் பத்தியில் இன்டெக்ஸ் இருக்கும், குவெரியோ 'லோயர்' ஃபங்ஷன் போட்டுத் தேடும். அந்த ஃபங்ஷன் மீதே இன்டெக்ஸ் வேண்டும். பத்தி 'பிக்இன்ட்' வகையாக இருக்க, அப்ளிகேஷன் டிரைவர் மதிப்பை 'நியூமெரிக்' வகையில் அனுப்பும். ஒவ்வொரு வரிசையின் மதிப்பையும் வகைமாற்றி ஒப்பிட வேண்டியிருப்பதால் இன்டெக்ஸ் உதவாது. இதைப் பிடிப்பது கடினம், ஏனென்றால் அதே குவெரியை நீங்கள் கையால் எண் போட்டு ஓட்டினால் பறக்கும். பிளானில் பத்தியின் பெயருக்குப் பக்கத்தில் இரட்டை முக்காற்புள்ளியும் 'நியூமெரிக்'கும் நின்றால் அதுதான் காரணம்.

அடுத்து, கணித்த வரிசை எண்ணிக்கையையும் உண்மையில் வந்ததையும் ஒப்பிடுங்கள். 1 வரும் என்று கணித்த இடத்தில் 80,000 வந்திருந்தால், பிளானர் (பிளானைப் போடும் பகுதி) நெஸ்டட் லூப் தேர்ந்தெடுத்து, உள் பக்கத்தை 80,000 தடவை சுற்றியிருக்கும். முதலில் அந்த டேபிளுக்கு 'அனலைஸ்' ஓட்டிப் பாருங்கள். பெரும் அளவில் டேட்டா ஏற்றிய உடனே ஓடும் குவெரிகள், டெம்பரரி டேபிள்கள் இதில்தான் மாட்டும். டெம்பரரி டேபிளை ஆட்டோவாக்கம் தொடவே தொடாது, நாமே 'அனலைஸ்' போட வேண்டும். அதற்குப் பிறகும் கணிப்பு தவறினால், ஒன்றையொன்று சார்ந்த பத்திகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாவட்டமும் பின்கோடும் ஒரே நிபந்தனையில் வந்தால், இரண்டும் தொடர்பற்றவை என்று எண்ணி பிளானர் நிகழ்தகவுகளைப் பெருக்கிவிடும். கிடைக்கும் கணிப்பு உண்மையைவிட மிகச் சிறியதாக இருக்கும். 'கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' இதற்காகவே பதிப்பு 10-இல் வந்தது.

காலையில் சரியாக ஓடிய ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் சிறிது நேரத்தில் மெதுவாவதும் உண்டு. முதல் 5 தடவை கொடுத்த மதிப்புக்கேற்ற பிளான் போட்டுவிட்டு, அதன் பிறகு பொதுப் பிளான் மலிவாகத் தெரிந்தால் அதற்கு மாறிவிடும். 'பிளான்_கேஷ்_மோட்' அமைப்பை 'ஃபோர்ஸ்_கஸ்டம்_பிளான்' ஆக்கிச் சோதியுங்கள்.

பிளானின் அடியில் 'ஜேஐடி' என்ற பகுதி இருந்தால் அதையும் விடாதீர்கள். பதிப்பு 12 முதல் இது இயல்பாகவே இயங்குகிறது. கணித்த செலவு 1,00,000-ஐத் தாண்டினால் குவெரியை இயந்திர மொழிக்குத் தொகுக்கும். 30 மில்லிநொடியில் முடிய வேண்டிய குவெரி, தவறான கணிப்பால் அந்த எல்லையைத் தாண்டி, தொகுப்பதற்கே அரை நொடி சிபியு எடுக்கும். பார்ட்டிஷன் நிறைய உள்ள டேபிள்களில் இது அடிக்கடி நிகழும். சிறு குவெரிகள் நிறைந்த சர்வரில் நான் ஜேஐடியை அணைத்தே வைப்பேன். பெரிய ரிப்போர்ட்டுகளுக்கென்று தனி ரோல் இருந்தால் அதற்கு மட்டும் இயக்கலாம்.

பதிப்பு மாற்றிய மறுநாள் சிபியு 100

'பிஜி_அப்கிரேடு' மூலம் மேம்படுத்தினால் டேட்டா வரும், பிளானரின் புள்ளிவிவரம் வராது. பதிப்பு 18-க்கு மாறும்போதுதான் முதன்முறையாக அதன் பெரும்பகுதி கூடவே வருகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளுக்கு மாறியிருந்தால் 'வாக்கம்டிபி' கட்டளையை எல்லா டேட்டாபேஸ்களுக்கும், 'அனலைஸ் இன் ஸ்டேஜஸ்' விருப்பத்துடன் ஓட்டுங்கள். மோசமான பிளான்கள் முதல் சுற்றிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும்.

நாளுக்கு நாள் ஏறுகிறது, ரீஸ்டார்ட் செய்தால் இறங்குகிறது

இந்த அறிகுறிதான் ரீஸ்டார்ட்டை ஒரு மருந்தாகவே பலரையும் நம்ப வைத்தது. உண்மையில் நடப்பது வேறு.

போஸ்ட்கிரெஸில் ஒரு வரிசையை அப்டேட் செய்தால் பழையது அழியாது, புதிய பிரதி ஒன்று உருவாகும். பழையதைப் பிறகு வாக்கம் அகற்றும். ஆனால் எங்கோ ஒரு செஷன் ஒரு பழைய ஸ்னாப்ஷாட்டைப் பிடித்துக்கொண்டு டிரான்ஸாக்ஷனைத் திறந்தபடியே நின்றால், அதற்குத் தெரிய வேண்டியிருக்கலாம் என்ற ஒரே காரணத்தால், அதன்பின் இறந்த எந்தப் பிரதியையும் வாக்கம் தொட முடியாது. வேலை வரிசை டேபிள்கள், செஷன் டேபிள்கள் போல ஓயாமல் மாறும் டேபிள்களில் இதன் விளைவு கொடுமையானது. 'அடுத்த வேலை எது' என்று கேட்கும் குவெரி ஒரு வரிசையை எடுப்பதற்காகப் பல லட்சம் இறந்த பிரதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ள வேண்டியிருக்கும். குவெரி மாறவில்லை, பிளான் மாறவில்லை, டேட்டாவும் கூடவில்லை, சிபியு மட்டும் மெல்ல ஏறும். ரீஸ்டார்ட் செய்தால் அந்தப் பழைய டிரான்ஸாக்ஷன் ஒழிகிறது, வாக்கம் வேலையை முடிக்கிறது, சிபியு இறங்குகிறது. அந்த ஒரே செஷனை மட்டும் நிறுத்தியிருந்தால் போதுமானது.

பிடித்திருப்பவர் யார் என்று 4 இடங்களில் தேடுங்கள். 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி'யில் 'பேக்எண்ட்_எக்ஸ்மின்' (அந்த செஷன் பிடித்திருக்கும் ஸ்னாப்ஷாட்டின் எண்) வயது மிகக் கூடியவை. 'பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ்' வியூவில் யாரும் கேட்காமல் கைவிடப்பட்ட ஸ்லாட். 'பிஜி_ப்ரிப்பேர்டு_எக்ஸாக்ட்ஸ்' வியூவில் முடிக்காமல் விட்ட இரண்டுகட்ட டிரான்ஸாக்ஷன். கடைசியாக, 'ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக்' இயங்கும் ரெப்ளிகாவில் (நகல் சர்வரில்) நீண்ட நேரமாக ஓடும் ரிப்போர்ட். குற்றவாளி வேறொரு மெஷினில் இருப்பதால் இதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் போகும். இரண்டுகட்ட டிரான்ஸாக்ஷனும் கைவிடப்பட்ட ஸ்லாட்டும் ரீஸ்டார்ட்டுக்கும் அசையாதவை. ரீஸ்டார்ட் செய்தும் இறங்கவில்லை என்றால் அவ்விரண்டையும் முதலில் பாருங்கள்.

யாரும் பிடித்திருக்கவில்லை, இருந்தும் 'பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ்' வியூவில் இறந்த வரிசைகள் குவிந்திருக்கின்றன என்றால், ஆட்டோவாக்கம் போதவில்லை. இயல்பான அமைப்பில் டேபிளின் 20 சதவீதம் இறந்த பிறகுதான் அது கிளம்பும். 10 கோடி வரிசை உள்ள டேபிளில் 2 கோடி குவியும்வரை சும்மா இருக்கும் என்று அர்த்தம். அந்த டேபிளுக்கு மட்டும் இந்தச் சதவீதத்தை முடிவுசெய்யும் ஸ்கேல் ஃபாக்டரை 0.01 ஆக்குங்கள். சிபியு எடுக்கிறது என்று சொல்லி ஆட்டோவாக்கத்தையே அணைத்துவிட்ட சர்வர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. இன்று மிச்சமாகும் சிபியு சில வாரத்தில் பல மடங்காகத் திரும்ப வரும். 'டு ப்ரிவென்ட் ராப்அரவுண்ட்' (டிரான்ஸாக்ஷன் எண்கள் தீர்ந்துபோவதைத் தடுக்க) என்ற குறிப்புடன் ஓடும் வாக்கத்தைக் கொல்லவே கூடாது. அது டேட்டாபேஸைக் காப்பாற்ற ஓடுகிறது, கொன்றாலும் மறுபடி வரும். வேலை நேரத்தில் 'வாக்கம் ஃபுல்' போடுவதும் தவிர்க்க வேண்டியது. டேபிளை முழுதாகப் பூட்டிவிடும், படிக்கக்கூட முடியாது.

பிறகு 'ஐடில்_இன்_டிரான்ஸாக்ஷன்_செஷன்_டைம்அவுட்' அமைப்புக்கு ஒரு மதிப்பு கொடுங்கள். இயல்பாக அது 0, அதாவது வரம்பே இல்லை.

குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் ஏறுகிறது

குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் பட்டியலைப் பாருங்கள், பாதி விடை அங்கே. இன்னொரு பாதி பேரலல் குவெரி. ஒரு குவெரிக்கு இயல்பாக 2 துணை வொர்க்கர்கள்தான். யாரோ ரிப்போர்ட்டை வேகமாக்க அதை 8 ஆக்கியிருந்தால், 8 கோர் சர்வரை ஒரே ரிப்போர்ட் முழுதாக எடுத்துக்கொள்ளும். அந்த அமைப்பை ரிப்போர்ட் ரோலுக்கு மட்டும் வைத்து, மற்றவர்களுக்கு இயல்பு நிலைக்குத் திருப்புங்கள்.

உச்சியில் நிற்கும் ப்ராசஸின் உரிமையாளர் போஸ்ட்கிரெஸ், பெயரோ வேறு

இந்த அறிகுறி தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். 'கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ' என்ற பெயரில் ஒரு ப்ராசஸ் எல்லாக் கோரையும் பிடித்திருக்கும், பக்கத்தில் 'கின்சிங்' என்று இன்னொன்று அதைக் காவல் காக்கும். முதலாவது, 'கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்' என்ற உண்மையான கெர்னல் த்ரெட்டின் பெயரோடு ஒரு எழுத்து கூட்டி வைத்த மாறுவேடம். உண்மையான கெர்னல் த்ரெட் ரூட் பெயரில், சதுர அடைப்புக்குள் தெரியும். போஸ்ட்கிரெஸ் பயனர் பெயரில் தெரியாது. இது கிரிப்டோ நாணயம் தோண்டும் மால்வேர்.

5432 போர்ட் இணையத்துக்குத் திறந்திருந்து, சூப்பர்யூசர் பாஸ்வேர்டு எளிதாக இருந்தால், அல்லது யார் எப்படி நுழையலாம் என்று சொல்லும் 'பிஜி_ஹெச்பிஏ' கோப்பில் 'டிரஸ்ட்' (பாஸ்வேர்டே கேட்காத முறை) என்றிருந்தால் உள்ளே வந்துவிடுவார்கள். பதிப்பு 9.3 முதல் உள்ள 'காப்பி ஃப்ரம் புரோகிராம்' வசதியால், சூப்பர்யூசராக நுழைந்தவர் சர்வரில் எந்தக் கட்டளையையும் ஓட்ட முடியும். ப்ராசஸைக் கொன்றால் போஸ்ட்கிரெஸ் பயனரின் கிரான்டேபிலிருந்து மறுபடி முளைக்கும். கிரானையும், 'டெம்ப்' அடைவுகளில் போட்ட கோப்புகளையும் அகற்றுவது தற்காலிக நிவாரணம் மட்டுமே. சர்வரை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து, டேட்டாவை டம்ப் எடுத்து, புதிய மெஷினில் ஏற்றுங்கள். ஏற்றும் முன் ரோல் பட்டியலில் நீங்கள் உருவாக்காத பெயர், தெரியாத ஃபங்ஷன் எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வந்தவர் டேட்டாவைப் படித்திருக்கவும் முடியும். ஆகவே பாஸ்வேர்டுகளை மாற்றுவதோடு, டேட்டாவின் உரிமையாளர்களுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் வருகிறது.

எல்லாம் பார்த்தும் எதுவும் இல்லை

ஒவ்வொரு குவெரியும் தன் வழக்கமான நேரத்தில் முடிகிறது, பிளான்கள் சரி, இறந்த வரிசைகள் இல்லை, ஓட்டங்களின் எண்ணிக்கை கூடிய அதே விகிதத்தில் சிபியுவும் கூடியிருக்கிறது என்றால், அது உண்மையான வளர்ச்சி. பெரிய மெஷின் கேட்க இப்போது உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. படிக்கும் குவெரிகள்தான் மிகுதி என்றால், அவற்றை ஒரு ரெப்ளிகாவுக்குத் திருப்புவது செலவு குறைந்த வழியாக இருக்கலாம். பணம் கேட்கப் போகும் முன் 'பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்' நகலை மணிக்கு ஒருமுறை ஒரு டேபிளில் சேமிக்கும் வேலை ஒன்றைக் கிரானில் போட்டுவிடுங்கள். சிபியு அமைதியாக இருக்கும் நாளிலும் அது ஓடட்டும். 'வழக்கமான நேரம்' எவ்வளவு என்பதை அந்த நாட்களின் நகல்களிலிருந்துதான் எடுக்க முடியும்.